பத்தியமும் விசுவாசமும்



சிறுநீரக நோயுற்றவரிடம் தக்காளியைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருக்க, "ஜெபித்துவிட்டேன்" என்று கூறி ரசமும் பாவ் பாஜியும் நிறைய உண்பது விசுவாசமாகாது. 100 கிராம் தக்காளியில் ஏறக்குறைய 240 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு; அதே அளவு தக்காளி பேஸ்டிலோ ஏறக்குறைய 1,000. பழுதுற்ற சிறுநீரகம் அதை வெளியேற்றாமற்போனால் இருதயத் துடிப்பே தடுமாறும்.

ஆயினும் எல்லா நோயாளிகளுக்கும் ஒரே பத்தியம் இல்லை. இரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவரே அளவைத் தீர்மானிப்பார்.

தீமோத்தேயுவின் வயிற்றிற்காகப் பவுல் ஆலோசனை கூறவில்லையா (1 தீமோத்தேயு 5:23)? வீட்டாரே, நோயாளிக்காக ஜெபியுங்கள். குழம்பில் தக்காளி சேர்க்குமுன் அவர் பங்கைத் தனியே எடுத்துவையுங்கள். அதுவும் அன்பின் ஊழியமே.