அறிந்து கொள்வோம்: புல்மோட்டை மணலின் காந்தக் கதை

திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டைக் கடற்கரையில் கறுப்பு மணல் உண்டு. அதன் முக்கிய கனியம் இல்மனைற். இரும்பு, தைத்தேனியம், ஒட்சிசன் மூன்றும் சேர்ந்தது அது.

இரும்பு அணு ஒவ்வொன்றும் சிறு காந்தம். சாதாரண வெப்பத்தில் அவை திசைக்கொன்றாகத் தடுமாறும். சுமார் மறை 215 பாகை செல்சியசுக்குக் கீழே குளிரூட்டினால், ஒரு படையிலுள்ளவை யாவும் ஒரே பக்கமும் அடுத்த படையிலுள்ளவை எதிர்ப்பக்கமும் பார்த்து ஒழுங்காக நிற்கும். தண்ணீர் பனிக்கட்டியாவதைப் போல இதுவும் ஒரு நிலைமாற்றம்தான்.

இரும்பில் பாதியை எடுத்துவிட்டு மங்கனீசு சேர்த்தால் என்ன நடக்கும்? தோக்கியோவின் ஒச்சனோமிசு மகளிர் பல்கலைக்கழகத்து அட்சுகோ இட்டோ குழுவினர் 1986இல் இக்கலவை பற்றி எழுதினர். ஒரே படையில் இரும்பு அணுக்கள் ஒரே பக்கம் பார்க்க விரும்பும். மங்கனீசு அணுக்களோ அயலுக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். இரண்டும் தாறுமாறாகக் கலந்ததும் அந்த ஒழுங்கு வருவதேயில்லை. சுமார் மறை 250 பாகையில் அவை கலைந்தபடியே உறைந்துவிடும். இந்நிலைக்குச் 'சுழற்சிக் கண்ணாடி' என்று பெயர்.

தனித்தனியே இரண்டும் ஒழுங்குபடக் கூடியவை. எந்த அணுவிலும் குறையில்லை. அயலிலிருந்து வரும் முரணான இழுவைகளே காரணம். இத்தகைய கலைவுக்குள்ளும் விதி உண்டெனக் காட்டிய இத்தாலியர் ஜோர்ஜியோ பரிசிக்கு 2021இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது.