கதவு எண் கேட்ட தேர்தல்

அமெரிக்காவில் இடைக்காலத் தேர்தல் நடந்தால் நம் பத்திரிகைகளில் நான்கு வரிச் செய்தி வரும். எந்தக் கட்சி எத்தனை இடம் பிடித்தது, அதிபருக்கு வெற்றியா பின்னடைவா என்பதோடு செய்தி முடிந்துவிடும். அங்கே ஒடுக்கப்பட்ட மக்கள் எப்படி வாக்களித்தார்கள், வாக்களிக்க விட்டார்களா என்பது அந்த நான்கு வரியில் இருக்காது. நாம் தேடிப் படிக்க வேண்டியது அதைத்தான்.

மாணவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். இது நாம் சொல்கிற இடைத்தேர்தல் அல்ல. அமெரிக்க அதிபரின் பதவிக்காலம் 4 ஆண்டுகள். அதன் நடுவில் வரும் நவம்பரில் பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும், செனட் சபையின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கும் தேர்தல் நடக்கும். பல மாநிலங்களில் சட்டமன்றத்துக்கும் ஆளுநர் பதவிக்கும் அதே நாளில் வாக்குப்பதிவு. அங்கே ஆளுநர் என்றால் நம் முதலமைச்சரைப் போல, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். அதிபர் மீது மக்களுக்குக் கோபம் இருந்தால் அது வெளிப்படும் நாள் இது. அதனால்தான் பெரும்பாலும் அதிபரின் கட்சியே இடங்களை இழக்கிறது.

2018 நவம்பர் 6-ல் அப்படித்தான் நடந்தது. டிரம்ப் அதிபராகி இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. அதற்கு முந்தைய 2014 இடைக்காலத் தேர்தலில் வாக்களிக்கத் தகுதியுள்ளவர்களில் சுமார் 37 சதவீதம் பேர்தான் வந்திருந்தார்கள். 2018-ல் பாதிப் பேர் வந்தார்கள். இடைக்காலத் தேர்தலில் ஒரு நூற்றாண்டு காணாத கூட்டம் அது. ஜனநாயகக் கட்சி 40 இடங்களைக் கூடுதலாகப் பிடித்து, 8 ஆண்டுகளுக்குப் பிறகு பிரதிநிதிகள் சபையைக் கைப்பற்றியது. செனட் சபை குடியரசுக் கட்சியிடமே இருந்தது. பூர்வகுடிப் பெண்கள் இருவர், டெப் ஹாலண்டும் ஷாரிஸ் டேவிட்ஸும், முதன்முறையாக நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்கள். முஸ்லிம் பெண்கள் இருவரும் முதன்முறையாக வென்றார்கள்.

இது உலகம் கொண்டாடிய கதை. நாம் சொல்ல விரும்பும் கதை வடக்கு டகோட்டா மாநிலத்தில் இருக்கிறது.

2012-ல் அந்த மாநிலத்தில் ஹைடி ஹைட்கேம்ப் என்ற ஜனநாயகக் கட்சிப் பெண்மணி 3,000-க்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் செனட் தேர்தலில் வென்றார். பூர்வகுடி மக்களின் ஓட்டு அவருக்குப் பெரும் துணையாக இருந்தது. அடுத்த ஆண்டே, குடியரசுக் கட்சி பெரும்பான்மையாக இருந்த மாநிலச் சட்டமன்றம் வாக்காளர் அடையாளச் சட்டத்தைக் கடுமையாக்கியது. அடையாள அட்டையில் வீட்டின் தெரு முகவரி இருக்க வேண்டும் என்றது. தபால் பெட்டி எண் செல்லாது.

கேட்பதற்கு நியாயமாகத்தானே இருக்கிறது, முகவரி கேட்பது தவறா என்று தோன்றலாம். பூர்வகுடி மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பகுதிகளில் பல வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. தெருவுக்குப் பெயரும் கிடையாது. தபால்காரர் வீட்டுக்கு வரமாட்டார். அஞ்சலகத்தில் ஒரு பெட்டி வைத்துக்கொண்டு அதில்தான் கடிதம் வாங்குவார்கள். எண்ணும் பெயரும் கொடுக்க வேண்டியது அரசாங்கம். கொடுக்காமல் விட்டுவிட்டு, ‘எங்கே உன் எண்?’ என்று கேட்டது அதே அரசாங்கம். சுமார் 5,000 பூர்வகுடி வாக்காளர்களிடம் சட்டம் கேட்கும் அட்டை இல்லை என்பதை நீதிமன்றமே பதிவு செய்தது. 3,000-க்கும் குறைவான ஓட்டில் வெற்றி தோல்வி முடிவான மாநிலத்தில் 5,000 என்றால் என்ன பொருள் என்று சொல்லத் தேவையில்லை.

எல்லாருக்கும் ஒரே விதி. ஆனால் அந்த விதி யார் வாசலில் போய் நிற்கும் என்பது எழுதியவர்களுக்குத் தெரியும். ஊருக்கு ஒரு பாதை, காலனிக்கு ஒரு பாதை என்று பிரிந்து கிடக்கும் இடத்தில் வாழும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தேர்தலுக்கு ஒரு மாதமே இருக்கும்போது, 2018 அக்டோபரில், தலையிட முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த மக்கள் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. பழங்குடி நிர்வாகங்களே ஒவ்வொரு வீட்டுக்கும் முகவரி ஒதுக்கி, இலவசமாகப் புது அட்டை அச்சடித்துக் கொடுத்தன. டர்டில் மவுண்டன் பகுதியில் இடைவிடாமல் அச்சடித்ததால் இயந்திரம் சூடேறி அட்டைகள் உருகத் தொடங்கிவிட்டன. வாக்குப்பதிவு நாளில் அந்தப் பகுதிகளில் வழக்கத்தைவிடப் பெரிய கூட்டம் திரண்டது.

ஹைட்கேம்ப் அந்தத் தேர்தலில் தோற்றுப்போனார். அதை மறைக்கக் கூடாது. சிறுபான்மை மக்கள் ஒருவர் விடாமல் வந்தாலும் மாநிலம் முழுவதையும் அவர்களால் மட்டும் திருப்பிவிட முடியாது. ஆனால் அதே நாளில் ஃபார்கோ நகரில் ரூத் பஃபலோ என்ற பூர்வகுடிப் பெண் மாநிலச் சட்டமன்றத்துக்கு வென்றார். அவர் தோற்கடித்தது யாரை? அந்த அடையாள அட்டை மசோதாவை முன்மொழிந்த உறுப்பினரை. 2020-ல் மாநில அரசும் இறங்கி வந்து பழங்குடி அமைப்புகளோடு சமரசம் செய்துகொண்டது. முகவரி இல்லாதவர் வரைபடத்தில் தன் வீடு இருக்கும் இடத்தைக் காட்டினால் போதும் என்று ஒப்புக்கொண்டது.

அதே நாளில் ஃபுளோரிடாவில் இன்னொரு வாக்கெடுப்பு. அங்கே குற்ற வழக்கில் தண்டனை பெற்றவர்கள், சிறையிலிருந்து வந்த பிறகும் ஆயுள் முழுவதும் ஓட்டுரிமை இல்லாமல் இருந்தார்கள். கறுப்பின வயது வந்தோரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இப்படி ஓட்டிழந்தவர்கள். தண்டனை முடித்தவர்களுக்கு, கொலை மற்றும் பாலியல் குற்றவாளிகள் நீங்கலாக, ஓட்டுரிமையைத் திருப்பித் தரலாமா என்று மக்களிடமே கேட்டார்கள். சுமார் 64 சதவீதம் பேர் தரலாம் என்றார்கள். ஏறத்தாழ 14 லட்சம் பேருக்கு வழி திறந்தது. அதே மக்கள் அதே நாளில் தேர்ந்தெடுத்த ஆட்சி, அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் முழுதாகக் கட்டினால்தான் ஓட்டு என்று 2019-ல் சட்டம் போட்டது. மக்கள் திறந்த கதவில் ஆட்சி பணத்தைப் பூட்டாகப் போட்டது.

இதெல்லாம் புதிதல்ல. 1873-ல் மகாத்மா ஜோதிராவ் புலே தம் ‘குலாம்கிரி’ நூலை, அடிமைத்தனத்தை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அந்த உதாரணத்தை நம் நாட்டவரும் பின்பற்ற வேண்டும் என்பது அவர் ஆசை. அப்போது அமெரிக்கத் தென் மாநிலங்களில் முன்னாள் அடிமைகள் ஓட்டுப் போட்டார்கள்; சட்டமன்றங்களில் உட்கார்ந்தார்கள். அதே 1873-ல் அங்கே பெரும் பொருளாதார நெருக்கடி வந்தது. வேலை போனது, வங்கிகள் மூடின. அடுத்த ஆண்டு இடைக்காலத் தேர்தலில் மக்கள் ஆட்சியில் இருந்த கட்சியைத் தண்டித்தார்கள். பிரதிநிதிகள் சபை, வெள்ளையர் ஆதிக்கத்தை ஆதரித்த அன்றைய ஜனநாயகக் கட்சியிடம் போனது. 1877-ல் கறுப்பின மக்களுக்குத் தென் மாநிலங்களில் இருந்த மத்தியப் படைகளின் பாதுகாப்பும் முடிவுக்கு வந்தது. பிறகு எழுதப் படிக்கத் தெரியுமா என்ற தேர்வு, தலைவரி என்று ஒவ்வொன்றாக விதி போட்டு ஓட்டைப் பறித்தார்கள். 1965-ல் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை தென் மாநிலங்களில் அந்தக் கொடுமை நீடித்தது.

1874-ல் பலர் ஓட்டுப் போட்டது வேலைக்காகவும் சோற்றுக்காகவும். விலை கொடுத்தது கறுப்பின மக்கள். அன்று அவர்களை ஒடுக்கிய கட்சியின் பெயரும் இன்று அவர்களில் பெரும்பாலோர் வாக்களிக்கும் கட்சியின் பெயரும் ஒன்றே என்பதையும் கவனிக்க வேண்டும். கட்சியின் பெயரை நம்பி எந்த ஒடுக்கப்பட்ட சமூகமும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

எனவே ஆட்சி மாற்றம் ஒன்றுமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 2018-ல் சபை கைமாறியதால்தான் 2019 டிசம்பரில் வாக்குரிமைச் சட்டத்துக்கு மறுபடி பல் வைக்கும் மசோதா அங்கே நிறைவேறியது. செனட் அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. மேலே நடக்கும் மாற்றம் பாதி வழியில் நிற்கலாம். ஆனால் அடையாள அட்டை, வாக்காளர் பட்டியல், முகவரி, கட்டணம் ஆகியவை முடிவாவது மாநிலச் சட்டமன்றத்திலும் உள்ளூர் அலுவலக மேசையிலும். ஏழையின் ஓட்டு வாழ்வதும் சாவதும் அங்கேதான்.

1946-ல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் பிரதியைக் கேட்டார். அந்த மக்களின் போராட்டத்தைத் தம் மக்களுக்கான பாடமாக அவர் படித்தார். அடுத்த முறை அமெரிக்கத் தேர்தல் செய்தி வரும்போது நம் மாணவர்களும் அப்படிப் படிக்க வேண்டும். யார் ஜெயித்தார் என்பதோடு, யாரிடம் எந்தக் காகிதம் கேட்டார்கள் என்றும் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, 18 வயது முடிந்தவர்கள் தம் வீட்டுப் பெயர்களும் பக்கத்து வீட்டுப் பெயர்களும் நம் வாக்காளர் பட்டியலில் சரியாக இருக்கின்றனவா என்று ஒருமுறை சரிபார்க்க வேண்டும். அச்சு இயந்திரம் உருகும்வரை காத்திருக்கத் தேவையில்லை.