நலமாய் வாழ்வோம்: ஆறாவது விரலுக்கு யார் பொறுப்பு?



"அவருக்குச் செல்லடியிலை கால் போனது. பிறக்கப்போற பிள்ளைக்கும் ஏதும் குறை வருமோ?" என்று பயப்படும் தாய்மார் நம்மிடையே உண்டு. ஆறு விரலோடு பிள்ளை பிறந்தால், "கிரகணத்துக்குள்ளை வெளியிலை போனாய்", "வயித்திலை பிள்ளையோடை ஓடித் திரிஞ்சாய்" என்று தாயின் தலையில் பழி போடுவாரும் உண்டு. கைகால்கள் உருவாகும் விதத்தை அறிந்துகொண்டால் இந்தப் பயமும் பழியும் எவ்வளவு தவறானவை என்பது விளங்கும்.

கருத்தரித்து 4 ஆவது வாரத்தின் முடிவில் முளையத்தின் பக்கத்தில் சிறு மொட்டுப் போலக் கை அரும்புகிறது. கால் மொட்டு ஓரிரு நாட்கள் பிந்தித் தோன்றும். முதலில் அவை துடுப்புப் போலத் தட்டையாக இருக்கும். பின்னர் விரல்களுக்கு இடையிலுள்ள கலங்கள் தாமாகவே இறந்துபோக, 8 ஆவது வாரம் முடியும்போது விரல்கள் பிரிந்துவிடும். அக்கலங்கள் இறக்காவிட்டால் விரல்கள் ஒட்டியபடி இருக்கும். வௌவாலின் கையில் அந்தச் சவ்வு அழியாமல் காக்கப்படுவதால்தான் அது சிறகாகிறது.

இவற்றையெல்லாம் நடத்துபவை பரம்பரையலகுகள். வீட்டில் மின்குமிழுக்குச் சுவிட்ச் இருப்பதுபோல, ஒவ்வொரு பரம்பரையலகும் எங்கே, எப்போது வேலை செய்யவேண்டும் என்பதற்கும் சுவிட்ச்கள் உள்ளன. 'சோனிக் ஹெட்ஜ்ஹொக்' என்ற பரம்பரையலகு கை மொட்டின் சின்னவிரல் பக்கத்தில் மட்டுமே வேலை செய்யும். அதன் சுரப்பு அதிகமுள்ள பக்கத்தில் சின்னவிரலும், அது எட்டாத பக்கத்தில் பெருவிரலும் உருவாகும்.

இதன் சுவிட்ச், பரம்பரையலகிலிருந்து ஏறக்குறைய 10 இலட்சம் டி.என்.ஏ. எழுத்துகள் தள்ளி இருப்பதை எடின்பரோ நகர விஞ்ஞானிகள் 2003 இல் எடுத்துக்காட்டினர். அந்தச் சுவிட்ச்சை நீக்கிய எலிகளுக்குக் கைகால்கள் முழுமையாக வளரவில்லை. அதில் ஓர் எழுத்து மாறினாலே, பெருவிரல் பக்கத்திலும் சுரப்பு உண்டாகி மேலதிக விரல் முளைக்கலாம். அமெரிக்காவில் எழுத்தாளர் ஹெமிங்வே வாழ்ந்த வீட்டிலுள்ள ஆறுவிரல் பூனைகளிலும் இத்தகைய மாற்றமே காணப்பட்டது.

இத்தகைய மாற்றம் தாய் வழியாகவோ தந்தை வழியாகவோ வரலாம், புதிதாகவும் ஏற்படலாம். சின்னவிரல் பக்கத்து மேலதிக விரலுக்கு வேறு பரம்பரையலகுகள் காரணமாகலாம். எதுவாயினும், கிரகணமோ தாய் ஓடித் திரிந்ததோ ஆறாவது விரலைத் தருவதில்லை. செல்லாலோ மிதிவெடியாலோ தந்தை கால் இழந்தாலும் அவரது பரம்பரையலகில் கால் பற்றிய செய்தி அப்படியே இருக்கும். அந்த இழப்பு பிள்ளைக்குக் கடத்தப்படுவதில்லை.

ஆனால் கவனிக்கவேண்டியவையும் உண்டு. கர்ப்பிணிகளின் வாந்திக்குக் கொடுக்கப்பட்ட தலிடோமைட் என்ற மருந்தால், 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கைகால் குறையோடு பிறந்தனர். கைகால்கள் உருவாகும் காலத்தில் பல பெண்களுக்குத் தாம் கர்ப்பிணி என்பதே தெரியாது. ஆகவே மாதவிடாய் தள்ளிப்போனால், கடையில் கேட்டு மருந்து வாங்கி விழுங்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

மேலதிக விரலை வீட்டில் நூலாலோ மயிராலோ கட்டவேண்டாம். இரத்தம் கசியலாம், கிருமி தொற்றலாம். சில பிள்ளைகளுக்கு இதனோடு இருதயம், சிறுநீரகம் போன்றவற்றிலும் குறை இருக்கக்கூடும் என்பதால் வைத்தியர் ஒருமுறை பரிசோதிப்பது நல்லது. பெரும்பாலும் சிறு சத்திரசிகிச்சையே போதும்.

அடுத்த முறை ஒரு தாயை யாராவது குறை சொல்லக் கேட்டால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். நீங்கள் அறிந்ததை அவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.