வீட்டுக்கும் ஒரு 'பாடு' வேண்டும்

நான் பிறந்தது பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பம். வாழ்க்கைப்பட்டது பொன்னேரியில். கல்யாணமாகி 15 வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் நானும் என் கணவரும் மட்டுமாக வெளியூரில் போய்த் தங்கியது ஒரே ஒரு தடவைதான். போன ஜனவரியில் நடந்தது அது. அப்போது மனதில் விழுந்த ஒரு விஷயத்தை நம் சகோதரிகளிடம் சொல்லவே இந்தக் கடிதம்.

என் கணவரோடு வேலை பார்க்கும் மலையாள நண்பரின் வீட்டுக் கல்யாணம் எர்ணாகுளத்தில். கல்யாணம் முடிந்ததும், "வந்ததே வந்தோம், ரெண்டு நாள் கொச்சியில இருந்துட்டுப் போலாமே" என்றார் இவர். போனில் சொன்னதும் என் மாமியார், "வயசுப் பொண்ணை வீட்டுல வச்சுக்கிட்டு உங்களுக்கு என்ன தேனிலவு வேண்டிக்கிடக்கு?" என்று கேட்டுவிட்டார். மனசு சுருக்கென்றது. ஆனாலும் தங்கினோம்.

எர்ணாகுளத்திலிருந்து படகில்தான் ஃபோர்ட் கொச்சிக்குப் போனோம். அங்கே படகு என்பது நம் ஊர் டவுன் பஸ் மாதிரி. ஆபீஸ் போகிறவர்களும், பள்ளிப் பிள்ளைகளும், காய்கறிப் பையோடு பெண்களும் ஏறி இறங்குகிறார்கள். படகில் இருந்த மிதவை அங்கிகளைப் பார்த்ததும் எங்கள் ஏரி ஞாபகம் வந்தது. 2011-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து, சுற்றிப்பார்க்க வந்த 22 பேர் இறந்துபோனார்களே, அதை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

கரையில் சீன வலைகளைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நாலைந்து பேர் கயிற்றை இழுக்க, கட்டித் தொங்கவிட்ட கற்களின் பாரத்தில் வலை மெதுவாக மேலே எழும்புகிறது. பக்கத்திலேயே டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். எங்கள் பழவேற்காட்டிலும் அதே டச்சுக்காரர்களின் கல்லறைகள் இருக்கின்றன. 1610-ல் எங்கள் ஊருக்கு வந்தவர்கள் 1663-ல் கொச்சியைப் பிடித்தார்களாம். மத்தியானம் ஓட்டலில் என் முன்னால் தட்டு வந்தபோதுதான், நான் எழுந்துபோய் யாருக்கும் எதுவும் எடுத்துவைக்க வேண்டாம் என்பதே உறைத்தது. ஏனோ கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காய்கறிக் கடையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியைப் பார்த்தோம். இருவருக்கும் அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அந்த அம்மா காய் பொறுக்க, அவர் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் கணவர் தெரிந்த ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தார். சொந்தமாக ஒரு பாய்மரப் படகு வைத்துக்கொண்டு, அதிலேயே ஊர் ஊராகப் போகிறார்களாம். அந்தமான், இலங்கை எல்லாம் பார்த்துவிட்டு வந்து, போல்காட்டித் தீவில் இந்த மாதிரிப் படகுகளுக்கென்றே உள்ள துறையில் நிறுத்தியிருந்தார்கள். மூன்று வாரமாகக் கொச்சியில்தான் இருக்கிறார்களாம். வாடைக்காற்று இருக்கும்போதே அரபிக்கடலைத் தாண்ட வேண்டும், ஆனாலும் அவசரமில்லை என்றார்கள். வாடைக்காற்று பற்றி என் அப்பா பேசுவதைக் கேட்டு வளர்ந்தவள் நான். அதனால் அவர்கள் ஏதோ பக்கத்து வீட்டுக்காரர்கள் போலத் தோன்றியது.

"ராத்திரி நடுக்கடலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கச் சொன்னேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "முறை வைத்துக்கொள்வோம். நான் மூன்று மணி நேரம் தூங்கினால் அவர் விழித்திருப்பார். அப்புறம் அவர் தூங்குவார், நான் பார்த்துக்கொள்வேன். சமையலும் அப்படித்தான்" என்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் குப்பங்களில் 'பாடு' என்று ஒரு வழக்கம் உண்டு. ஏரியில் மீன் நன்றாகக் கிடைக்கும் இடங்களில் இன்றைக்கு ஒரு கூட்டம் வலை கட்டினால், நாளைக்கு இன்னொரு கூட்டம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக இப்படி முறை வைத்துத்தான் தொழில் செய்கிறார்கள். ஒருத்தனே எல்லாவற்றையும் வாரிக்கொள்ளக் கூடாது, எல்லார் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும் என்ற நியாயம் அது.

ஏரிக்கு இவ்வளவு அழகாக முறை வைத்த ஆண்கள் வீட்டுக்கு ஏன் வைக்கவில்லை? அவர்களுக்குப் பாடு என்றால் முறை. எங்களுக்குப் பாடு என்றால் படுகிற பாடுதான்! என் அம்மா விடியற்காலையில் கூடை சுமந்து மீன் விற்றுவிட்டு வந்து அடுப்பையும் பார்த்தவர். ஏரிக்கரையிலேயே பிறந்து ஏரிக்கரையிலேயே இறந்தார். சாவுக்கும் கல்யாணத்துக்கும் படகில் ஏறியிருக்கிறாரே தவிர, கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும் பூநாரைகளைப் பார்க்கவென்று ஒரு நாள்கூட ஏறியதில்லை. "அடுத்த வருஷம் கூட்டிட்டுப் போறேன்" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை.

"நாங்க மட்டும் வெளியில உழைக்கலையா?" என்று ஆண்கள் கேட்கலாம். உழைக்கிறீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உங்களுக்கு ஷிப்ட் முடிகிறது, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அதே ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்குக் கறிக்குழம்பும் இரண்டு மடங்கு துணி துவைப்பும். வீடு என்ற படகில் எப்போதும் விழித்திருப்பது ஒருத்தியே என்றால், அவள் எப்போது தூங்குவது?

ஊர் திரும்பியதும் இதை அப்படியே என் கணவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "சரி, ஞாயித்துக்கிழமை என் பாடு" என்றார். முதல் வாரம் சாம்பாரில் உப்பு இல்லை. மாமியார் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவது வாரம் அவரே மகன் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுத்தார். அவருக்கும் வாழ்நாளில் முறை வைத்து ஓய்வு கொடுத்தவர் யாரும் இல்லையே!

எல்லாரும் கொச்சிக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பணமும் வசதியும் வேண்டும். கணவனும் மனைவியுமாக ஒரு சாயங்காலம் பக்கத்து ஊர்க் கரையில் அவசரமில்லாமல் உட்கார்ந்துவிட்டு வந்தாலும் போதும். படகில் ஏறினால் மட்டும், யார் சிரித்தாலும் சரி, மிதவை அங்கி இல்லாமல் ஏறாதீர்கள்.

பிள்ளைகள் பெரியவர்களாகட்டும், கடன் அடையட்டும் என்று தள்ளிப்போட்டால் என் அம்மாவின் கதைதான் நமக்கும். உங்கள் முறையை நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காமல் யாரும் தரமாட்டார்கள். என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பொன்னேரி.