புக் பேக் போதாது

பிளஸ் டூ பொதுத் தேர்வு நெருங்கினால் வீட்டுக்கு வீடு ஒரே அறிவுரைதான். "கம்ப்யூட்டர் சயின்ஸ்தானே? புக் பேக் ஒன் மார்க்கைக் கரைச்சுக் குடி, ஃபைவ் மார்க்கை நாலு தடவை எழுதிப் பாரு, சென்டம் வந்துடும்." பெற்றோர் சொல்கிறார்கள், டியூஷனில் சொல்கிறார்கள், போன வருடம் எழுதிய அண்ணன்களும் அக்காக்களும் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய கெடுதல் செய்யும் அறிவுரையை நான் கேட்டதில்லை.

எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண். அதில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 15. மீதி 55 மதிப்பெண்ணையும் உருப்போட்டே வாங்கிவிடலாம் என்பார்கள். வாங்கலாம்தான், வினாவில் ஓர் எண் மாறாதவரை. பைத்தானில் ரேஞ்ச்(1, 10) என்றால் 9-இல் நின்றுவிடும் என்று ஒப்பிக்கிற பிள்ளையிடம் ரேஞ்ச்(10, 1, -3) என்று கேட்டுப் பாருங்கள். 10, 7, 4 வரை வந்துவிட்டு, அடுத்த 1 உண்டா இல்லையா என்று விழிக்கும். முடிவு எண்ணைத் தொடாமல் நிற்பதுதான் விதி. ஆகவே 1 வராது. 9-இல் நின்றதற்கும் அதுவே காரணம். இரண்டையும் தனித்தனியே நெட்டுரு போட்ட பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்?

ஒரு மாணவி 2-இன் நிரப்பியை ஒரு மூச்சில் ஒப்பித்தாள்: 0-வை 1 ஆக்கு, 1-ஐ 0 ஆக்கு, பிறகு 1-ஐக் கூட்டு. எதற்கு இந்த வேலை என்றேன். பதில் இல்லை. ஒரு தாளை எடுத்தோம். எட்டு பிட்டில் 5 என்பது 00000101. புரட்டினால் 11111010. ஒன்றைக் கூட்டினால் 11111011, இதுதான் −5. "இப்போ இதோட 5-ஐக் கூட்டும்மா" என்றேன். வலமிருந்து ஒவ்வொரு இலக்கமாக மீதியைச் சுமந்துகொண்டே போனாள். ஒன்பதாவதாக ஒரு 1 வந்தது. இருப்பதோ எட்டே இடம். அது வெளியே விழுந்தது. மிஞ்சியவை எட்டுப் பூஜ்ஜியங்கள். "சார், அப்போ கழிக்கிறதுக்குத் தனிச் சுற்று வேண்டாமா? கூட்டுற சுற்றே போதுமா?" என்று அவளே கேட்டாள். எட்டு பிட்டில் எல்லை ஏன் −128 முதல் 127 வரை என்பதையும் அன்றே அவள் கண்டுபிடித்தாள்: மொத்தம் 256 அமைப்புகள், பாதி எதிர்மறைக்குப் போகிறது, மறுபாதியில் ஓரிடத்தைப் பூஜ்ஜியம் எடுத்துக்கொள்கிறது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்கு முன் எத்தனை இரவுகள் அந்த மூன்று வரியை உருப்போட்டிருப்பாளோ!

"எங்க ஸ்கூல் லேப்ல பாதி கம்ப்யூட்டர் ஓடலை, அதனாலதான் மனப்பாடம்" என்பவர்களின் ஆதங்கம் நியாயமானது. ஆய்வகம் வேண்டும், அதற்காகச் சண்டை போடத்தான் வேண்டும். ஆனால் மேலே சொன்ன எதற்கும் கணினி தேவைப்படவில்லை. ஆலன் டூரிங் 1936-இல் தம் கணிக்கும் இயந்திரத்தை வரையறுத்தபோது முன்மாதிரியாகக் கொண்டது, தாளில் கணக்குப் போடும் மனிதரைத்தான். சிறுவர் கணக்கு நோட்டைப் போலக் கட்டம் போட்ட தாள். இன்றைக்கும் கட்டம் போட்ட நோட்டு எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிறது.

இருமத் தேடலா? அகர வரிசையில் 40 பேர் உள்ள வருகைப் பதிவேட்டை எடுத்து, நடுப்பெயரில் தொடங்கி, ஒவ்வொரு தடவையும் பெயர் இருக்க முடியாத பாதியை ஒதுக்கிவிட்டு, ஒரு தோழியின் பெயரைத் தேடச் சொல்லுங்கள். 6 தடவைக்குள் கிடைத்துவிடும். 1000 பேர் என்றாலும் 10 தடவைதான். பிறகு பெயர்களைக் கலைத்துப்போட்டு மறுபடி தேடச் சொல்லுங்கள். வரிசைப்படுத்திய பட்டியல் ஏன் வேண்டும் என்பதை அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் உருப்போடாது.