உருமாற்றமும் இடமாற்றமும்: ஏரிக்கரைக் கன்னிமாரும் ஒப்பியல் நோக்கும்

நீர்வாழ் அணங்குகளை ஒப்பிட முற்படும் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர்க்கு ஸ்டித் தாம்சனின் கதைக்கூறு அடைவு எளிய நுழைவாயிலாக அமைகிறது. அதில் உருமாற்றம் 'டி' பிரிவிலும், நீர்த்தெய்வங்கள் 'எஃப்' பிரிவில் 420ஆம் எண்ணை ஒட்டியும் இடம்பெறுகின்றன. இவ்விரு எண்களையும் கைக்கொண்டு தமிழ் வழக்காறுகளில் ஒரு கெல்ப்பியையோ கூஷ்டாகாவையோ தேடுபவர் வெறுங்கையுடன் திரும்புவார். அதனால் தமிழரிடம் நீரணங்குக் கதைகள் குறைவு என்று முடிவு கட்டுவது பொருந்தாது. தேடலின் திசையே ஆராயத்தக்கது.

'உருமாறும் நீருயிர்' என்னும் ஒரே தலைப்பின்கீழ் வைக்கப்படும் கெல்ட்டிய, டிலிங்கிட் மரபுகள்கூடத் தம்முள் ஒத்தவை அல்ல. ஸ்காட்லாந்து மேட்டுநிலக் கதைகளில் நீர்க்குதிரை மனிதனை நாடி வருகிறது. கரையில் சாதுவான குதிரையாக நின்று, ஏறியவனை முதுகில் ஒட்டவைத்து ஏரிக்குள் இழுத்துச் செல்கிறது. சில வேளை இளைஞனாக வந்து, தலைமயிரில் ஒட்டியுள்ள மணலாலும் பாசியாலும் அடையாளம் காட்டிக்கொள்கிறது. (தோலைக் கழற்றிப் பெண்ணாகும் கடல்நாய்களான செல்க்கிகளையும் கெல்ட்டியம் என்றே எழுதிவிடுவது வழக்கம். அக்கதைகள் செறிந்துள்ள ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகள் நார்ஸ் மரபில் ஊறியவை.) அலாஸ்காவின் டிலிங்கிட் மக்களிடமோ மாற்றம் எதிர்த்திசையில் நிகழ்கிறது. நீரில் மூழ்கியவரையும் காட்டில் வழிதவறியவரையும் நீர்நாய் மாந்தர் தம்மவராக்கிக் கொள்கின்றனர். அங்கே அஞ்சத்தக்கது அயல் விலங்கன்று. இறந்த உறவினரின் குரலில் கரையிலிருந்து அழைப்பது எதுவோ அதுவே.

நீர்நாய் தமிழ்ப் புலவர் அறியாத உயிரன்று. மருதத்திணைப் பாடல்களில் அது வாளை மீனைப் பற்றி இரையாக்குகிறது, ஒருபோதும் மனிதனாவதில்லை. நீர் மனிதனைக் கவரும் கதை வேறு வடிவில் உள்ளது. அகநானூறு 222ஆம் பாடலில் ஆட்டனத்தியைக் கவர்வது விலங்கோ பேயோ அன்று. நீண்ட கூந்தலுடைய பெண்ணாகக் கூறப்படும் காவிரியே. அவனை ஆதிமந்திக்குக் காட்டிவிட்டு மருதி கடலுள் புகுகிறாள். எவரும் உரு மாறவில்லை. ஒருவன் மீள, ஒருத்தி நீருக்குள் செல்கிறாள். மணிமேகலைக் காப்பியத்தில் கடல்தெய்வம் வேற்றுருக் கொள்ளும் மந்திரத்தை அருளுவது உண்மையே. ஆயின் அதைக் கையாள்பவள் மானிடப் பெண். அத்தெய்வத்தின் சொந்தக் கதையோ இடப்பெயர்ச்சியின் கதை: மணிபல்லவத்தை ஒத்த பொய்கையும் பொழிலும் கொண்ட காஞ்சியில் அதற்கும் தீவதிலகைக்கும் கோயில் எழுகிறது. கடலின் காவல்தெய்வம் உள்நாட்டுப் பொய்கைக் கரையில் குடியமர்கிறது.

ஏரிகள் நிறைந்த தொண்டை மண்டலத்தில் இக்கோலத்தின் உயிருள்ள சான்று கன்னிமார் வழிபாடு. ஏரிக்கரையில் வரிசையாக நட்ட ஏழு கற்களே பல ஊர்களில் அவர்தம் கோயில். காஞ்சிபுரம், செங்கற்பட்டு மாவட்டங்களில் வாழும் இருளர், சினங்கொண்டு கடலுக்குச் சென்றுவிட்ட கன்னியம்மனை மாசி மகத்து முழுநிலவில் மாமல்லபுரம் கடற்கரையில் கூடி வணங்கி வீட்டிற்கு அழைக்கின்றனர். உருமாற்றம் என்னும் கூறு இங்கு ஏறத்தாழ இல்லை. இடமாற்றமே கதையின் அச்சு. தமிழ் மரபை ஒப்பிட வேண்டின், தெய்வம் எவ்வுருவம் கொள்கிறது என்பதை விட, எந்நீரில் தங்குகிறது, ஏன் நீங்குகிறது, யார் அழைத்தால் மீள்கிறது என்பவையே கேட்கத்தக்க வினாக்கள்.

இவ்வினாக்களை ஒரகடத்தில் காலந்தாழ்த்திக் கேட்க இயலாது. உருவைச் சார்ந்த கதை எளிதில் பயணம் செய்யும். கெல்ப்பி ஏரியை விட்டுச் சிறுவர் நூலுக்குள் குடிபுகுந்து நெடுங்காலமாயிற்று. இடத்தைச் சார்ந்த கதைக்கு அவ்வசதி இல்லை. திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என விரிந்த தொழிற்பேட்டைகளுக்கு இடையே ஏரிகள் எஞ்சியுள்ளன. ஆனால் ஆயக்கட்டு நிலம் ஆலை வளாகமாகும்போது மதகு திறப்பாரும், முதல் நீர் பாய்வதற்கு முன் கன்னிமார்க்குப் பொங்கலிடுவாரும் இல்லாது போவர். கற்கள் நிற்கலாம், அவற்றைப் பற்றிய சொல் நிற்காது. ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை நிகழ்த்திய அகழாய்வு இடைக்கற்காலக் கருவிகள் வரை மண்ணைத் திறந்து காட்டியது. மேற்பரப்பில் இன்னும் பேசிக்கொண்டிருப்போர் பால் தமிழ்த்துறைகளுக்கு அதே அளவு அக்கறை வேண்டும்.

1909ஆம் ஆண்டு இவ்வகையில் நினைக்கத்தக்கது. அவ்வாண்டு வெளிவந்த தர்ஸ்டனின் ஏழு தொகுதிகளில் இருளர் ஆங்கிலக் குறிப்பாக இடம்பெற்றனர். அதே ஆண்டில் சுவான்டன், 1904இல் சிட்கா, ராங்கல் ஆகிய ஊர்களில் தொகுத்த டிலிங்கிட் கதைகளை வெளியிட்டார். அவற்றுள் ஒரு பகுதி டிலிங்கிட் மொழியிலேயே மொழிபெயர்ப்புடன் அச்சாயிற்று. நீர்நாய் மாந்தரைப் பற்றி இன்று நுட்பமாக உரையாட முடிவதற்கு அத்தகைய பதிவுகளே அடித்தளம். ஒரகடம் பகுதிக் கன்னிமார் கதைகளுக்கும் அத்தகைய தொகுப்பு தேவை: சொன்னவரின் பேச்சு வழக்கு திருத்தப்படாமல், ஏரியின் பெயர், மதகு, கலங்கல், கல் நிற்கும் இடம் ஆகியவற்றுடன். மதகு திறந்து நீர் பாய்ச்சியவர்களும் இருளர் முதியோரும் அதன் முதல் தகவலாளர்கள். முனைவர் பட்ட மாணவர் இருவர் ஓராண்டு செலவிட்டால் தொடங்கக்கூடிய பணி இது. ஒப்பியல் அட்டவணைகளை அதன் பின்னர் வரையலாம்.