கருணாபுரத்து மரணங்களும் நாம் முன்பே அறிந்திருந்தவையும்

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்ததை நம்மில் எவரும் அவ்வளவு எளிதில் மறந்திருக்க மாட்டோம். கள்ளச்சாராயம் குடித்து 65-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெண்களும் அவர்களுள் இருந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் கூலிக்குச் சென்ற தலித் மக்கள். காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தொலைவில் இருக்கும் ஒரு குடியிருப்பில் இது நடந்தது என்பதை நாடே பேசியது. இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது, மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டது, அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது.

இச்செய்திகளை மீண்டும் அடுக்குவது நம் நோக்கமல்ல. இம்மரணங்களைப் பற்றி மருத்துவமும் வேதியியலும் பொருளியலும் முன்னரே எவற்றை அறிந்திருந்தன? அந்த அறிவு கருணாபுரம் வரை வந்து சேராமல் எங்கே நின்றுவிட்டது? இதைத்தான் இங்கே கேட்க விழைகிறோம்.

முதலில் மருத்துவம். இந்தச் சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். குடித்தவுடன் அது கொல்வதில்லை. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை முதலில் ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது, அது பின்னர் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. எறும்புக் கடியில் எரிச்சல் தரும் அதே அமிலம்தான். அது உடலின் செல்கள் உயிர்வளியைப் பயன்படுத்தும் வழியை அடைக்கிறது. கண் நரம்பு முதலில் தாக்கப்படுகிறது. 30 மில்லி அளவு தூய மெத்தனாலே ஓர் உயிரைப் பறிக்கப் போதுமானது. ஆனால் வயிற்று வலியும் பார்வை மங்கலும் தோன்றுவதற்குப் பல நேரங்களில் 12 முதல் 24 மணி நேரம் ஆகும். கூடவே சாதாரண மதுவும் குடித்திருந்தால் இன்னும் தாமதமாகும். அதுவரை குடித்தவர் நடமாடிக்கொண்டும் பேசிக்கொண்டும்தான் இருப்பார்.

அன்பர்களே, இந்தத் தாமதத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஜூன் 19-ஆம் நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் முதல் மரணங்கள். சாராயமே காரணம் என்று மக்கள் சொல்ல, மாவட்ட நிர்வாகமோ தொடக்கத்தில் அதை மறுத்து, வேறு நோய்களைக் காரணம் காட்டியது. துக்க வீட்டிற்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்தனர் என்று செய்திகள் கூறின. முந்தின நாள் குடித்துவிட்டு, இன்னும் அறிகுறி எதுவும் தோன்றாமல் வீட்டில் இருந்தவர்கள் எத்தனை பேர்! மருத்துவமனைக்கு ஓடியிருக்க வேண்டிய அந்தச் சில மணி நேரத்தில்தான் 'இது சாராயம் இல்லை' என்ற சொல் வந்தது. நிர்வாகத்தின் மறுப்பை அரசியல் பிழையாகத்தான் பலர் பேசினார்கள். நச்சியலின் கண்கொண்டு பார்த்தால் அது சிகிச்சைக்கான நேரத்தைத் தின்றுவிட்ட பிழை.

ஏனெனில் மெத்தனாலுக்கு முறிவு மருந்து உண்டு. அதுவும் இன்று நேற்று கண்டதன்று. 1940-களிலேயே நார்வே நாட்டுக் கண் மருத்துவர் ஓலுஃப் ரோ இந்நஞ்சை விரிவாக ஆராய்ந்தார். மெத்தனாலோடு சாதாரண மதுவும் குடித்தவர்கள் தப்பிப்பதை மருத்துவ உலகம் அக்காலத்திலேயே கவனித்தது. காரணம் எளிது. மேலே சொன்ன நொதி, எத்தனாலைக் கண்டால் அதையே முதலில் பிடித்துக்கொள்ளும். மெத்தனால் நஞ்சாக மாறாமல் காத்துக் கிடக்கும். அதற்குள் டயாலிசிஸ் செய்து அதை வெளியேற்றிவிடலாம். மதுவுக்கு மதுவே மருந்தா என்று நமக்குச் சிரிப்புக்கூட வரலாம். ஆனால் இது மருத்துவர் அளவிட்டு, இரத்தத்தைச் சோதித்துக்கொண்டே தரவேண்டிய மருந்து, வீட்டில் செய்து பார்ப்பதற்கல்ல. ஃபோமெபிசோல் என்னும் ஊசி மருந்தும் அதே வேலையை இன்னும் பாதுகாப்பாகச் செய்கிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 2013-இல் அதை இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. கள்ளக்குறிச்சி மரணங்களின்போது நம் அரசியல் விவாதத்தில் இந்தப் பெயர், வயிற்றுப் புண்ணுக்குத் தரும் ஒமெப்ரசோல் மாத்திரையின் பெயரோடு குழம்பிப் போனது. அந்தக் குழப்பத்தைக் கேட்டு நகைத்தவர்கள் உண்டு. நமக்கோ நகைக்கத் தோன்றவில்லை.

2012-இல் செக் குடியரசில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மெத்தனால் கலந்த மதுவால் பாதிக்கப்பட்டனர். மருத்துவமனையை அடையும் முன்பே எத்தனால் தரப்பட்டவர்கள் கூடுதலாக உயிர் பிழைத்தனர் என்று அங்கு நடந்த ஆய்வு பதிவு செய்தது. 2013-இல் லிபியாவிலும் 2014-இல் கென்யாவிலும் நிகழ்ந்தவற்றை 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பும் ஒஸ்லோ மருத்துவர்களும் ஆராய்ந்து வெளியிட்டனர். விலையுயர்ந்த கருவிகளைவிட, முதல் நோயாளியிடமே 'இது மெத்தனாலாக இருக்கலாம்' என்று ஐயப்படும் மருத்துவரே பெரிதும் தேவை என்பதை அவ்வனுபவங்கள் காட்டுகின்றன. நம் பகுதிக்கு அந்த ஐயம் புதிதாகவும் இருந்திருக்கக் கூடாது. ஓராண்டுக்கு முன்னர்தான், 2023 மே மாதம், மரக்காணம் அருகிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இதே மெத்தனாலால் இறந்திருந்தனர்.

சரி, மதுவையே அடியோடு ஒழித்துவிட்டால் என்ன? நம் பங்குகளிலும் மகளிர் மன்றங்களிலும் அடிக்கடி எழும் கேள்வி இது. இதற்கும் ஓர் ஆய்வு உண்டு. கருணாபுரத்திற்குச் சில வாரங்களுக்கு முன், 2024 மே மாதத்தில், தி லான்செட்டின் தென்கிழக்கு ஆசிய இதழில் அது வெளிவந்தது. பீகாரில் 2016 ஏப்ரலில் வந்த முழு மதுவிலக்கின் விளைவை, தேசியக் குடும்பநல ஆய்வின் தரவுகளைக் கொண்டு அண்டை மாநிலங்களோடு ஒப்பிட்டனர். அடிக்கடி குடிக்கும் ஆண்கள் 24 இலட்சம் பேர் குறைந்தனர் என்றும், கணவரின் வன்முறைக்கு ஆளாகும் பெண்களில் 21 இலட்சம் பேர் தப்பினர் என்றும் அது மதிப்பிடுகிறது. மதுவிலக்கு உள்ள மாநிலத்தில் 'குடிக்கிறேன்' என்று வீட்டுக்கு வரும் கணக்கெடுப்பாளரிடம் எந்த ஆண் சொல்வான் என்று நாம் ஐயுறலாம், நியாயமான ஐயமே. ஆனால் அடிபடுவது குறைந்தது என்பதைச் சொன்னவர்கள் பெண்கள். அதை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது.

அதே பீகாரில், 2022 டிசம்பரில், சாரண் மாவட்டத்தில் கள்ளச்சாராயத்தால் 77 பேர் இறந்ததாகத் தேசிய மனித உரிமைகள் ஆணையம் பதிவு செய்தது. மாநில அரசு சொன்ன எண்ணிக்கை அதைவிடக் குறைவு. ஆக, ஒரே சட்டம் இலட்சக்கணக்கான வீடுகளுக்கு அமைதியையும், சில தெருக்களுக்குச் சாவையும் கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டிலோ மதுவிலக்கு இல்லை. 2023-24 நிதியாண்டில் டாஸ்மாக் வழியாக அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,855 கோடி ரூபாய். கடையில் மலிவான குவார்ட்டர் 140 ரூபாய் விற்றபோது, கருணாபுரத்தில் சாராயப் பாக்கெட் ஐம்பது அறுபது ரூபாய்க்குக் கிடைத்தது. கூலிக்காரர் எதை வாங்குவார் என்பதை அறியப் பொருளியல் பட்டம் தேவையில்லை. மதுவிலக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் விலை குறைந்த நஞ்சு ஏழையின் தெருவுக்குத்தான் வருகிறது.

இனி மலைக்கு வருவோம். கள்ளக்குறிச்சியில் சாராயம் என்றவுடன் எல்லாருடைய விரலும் கல்வராயன் மலையை நோக்கி நீள்கிறது. மலையில் காய்ச்சுவது உண்மை. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. வெல்லம், பட்டை, கடுக்காய் போட்டு ஊறல் வைத்துக் காய்ச்சுகிறார்கள். அதுவும் உடலையும் குடும்பத்தையும் கெடுப்பதே. ஆனால் வேதியியல் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. இவ்வாறு ஊறவைத்துக் காய்ச்சுவதில் மெத்தனால் மிகச் சிறிதளவே உண்டாகும். ஒரே நாளில் ஒரு தெருவையே சாய்க்கும் மெத்தனால், ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படும் சரக்கு. அது டிரம்களில் சமவெளியிலிருந்து வருகிறது. அதன் இருப்பையும் விற்பனையையும் கட்டுப்படுத்தத் தமிழ்நாட்டில் 1959 முதலே விதிகள் உள்ளன. இருந்தும் ஒவ்வொரு மரணத்திற்குப் பிறகும் காவல் படை மலையேறி ஊறல் பேரல்களைக் கவிழ்க்கும் படங்களே நாளேடுகளில் முதலில் வருகின்றன. மெத்தனால் டிரம் எந்தக் கிடங்கிலிருந்து, யார் கையெழுத்தில் வெளியேறியது என்ற கேள்விக்கு அப்படிப் படம் எடுக்க முடியாதல்லவா!

அந்த மலை மக்களின் வரலாறும் இதில் சேர்த்தே படிக்கப்பட வேண்டியது. 1976 வரை மலையாளிப் பழங்குடியினர் ஜாகிர்தார்களின் ஆளுகையில், கூலியில்லா வெட்டி வேலை செய்து வாழ்ந்தவர்கள். நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்தே அரசு நிர்வாகம் முழுமையாக அங்கே ஏறிச் சென்றது. சாமையும் மரவள்ளியும் தரும் வருமானம் போதாமல் வெளி மாநிலங்களுக்கு வேலை தேடிப் போகிறவர்கள் இன்றும் ஏராளம். கருணாபுரத்து மரணங்களுக்குப் பிறகு, 2024 ஜூலையில், சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்வாதாரம் குறித்து வழக்கு எடுத்துக்கொண்டது. சாலையும் பள்ளியும் மருத்துவமும் அங்கே பேசுபொருளாவதற்குக் கீழே சமவெளியில் இத்தனை பேர் சாக வேண்டியிருந்தது.

இறுதியாக, உயிர் பிழைத்தவர்களைப் பற்றி. 2001 செப்டம்பரில் எஸ்டோனியாவின் பார்னு பகுதியில் இதே மெத்தனாலால் 68 பேர் இறந்தனர். கருணாபுரத்தின் எண்ணிக்கைக்கு மிக அருகில் உள்ள எண். அந்நாட்டு மருத்துவர்கள் அத்தோடு விட்டுவிடவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, பிழைத்து வீடு திரும்பியவர்களைப் பட்டியலை வைத்துத் தேடிச் சென்றனர். கணிசமானோர் இதற்குள் இறந்துபோயிருந்தனர். மற்றவர்களிடம் பார்வைக் குறைபாடும் நரம்புப் பாதிப்பும் காணப்பட்டன.

கருணாபுரத்திலும் பார்வை மங்கித் திரும்பியவர்கள் உண்டு. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. பிழைத்தவர்களின் பெயர்கள் மருத்துவமனைப் பதிவேடுகளில் இருக்கின்றன. கள்ளக்குறிச்சியில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஆறு ஆண்டு என்று கணக்கிட்டால், அந்தக் கதவுகளைப் போய்த் தட்ட வேண்டிய ஆண்டு 2030.